அறுத்த வயலில் யார் யார்?

திருக்கடையூர்ப் பக்கம் மான் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கையோடு, "வயல்ல மான் மேயுமாமே, எங்க போனா பாக்கலாம்?" என்று கேட்கிற விருந்தாளிகள் ஒவ்வொரு தை மாசியிலும் வருகிறார்கள். இது கடைமடை. காவிரி கடைசியாகக் கை நனைத்துவிட்டுக் கடலுக்குப் போகிற மண். பழைய இலக்கணக்காரர்கள் மானையும் முயலையும் முல்லை நிலத்துக்குக் கொடுத்தார்கள். மருதத்துக்கு எருமையையும் நீர்நாயையும் வைத்தார்கள். அந்தப் பங்கீடு பெருமளவு இன்றைக்கும் செல்லும். முயல் மட்டும் திணை மாறி வந்து உளுந்து மேய்கிறது.

மான்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் கோடியக்கரை இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன், பனி விலகுகிற நாள்களில் நம் வயலிலேயே என்னென்ன நடமாடுகின்றன, எங்கே நின்றால் கண்ணில் படும் என்பதைச் சொல்கிறேன்.

காலம் எது?

தை கடைசியிலிருந்து பங்குனி நடு வரை. இதற்குக் காரணம் உண்டு. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம். மூடிய பிறகு வீரசோழனிலும் மஞ்சளாற்றிலும் மகிமலையாற்றிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். வாய்க்கால்கள் அங்கங்கே மடுவாகத் தேங்கி நிற்கும். அதே வாரங்களில்தான் சம்பா, தாளடி அறுவடையும் நடக்கிறது. நான்கைந்து மாதம் ஏக்கர் கணக்கில் ஒளிய இடம் கொடுத்த பயிர் சில நாள்களில் காணாமல் போய்விடும். அதற்குள் இருந்ததெல்லாம் வரப்புக்கும் வாய்க்கால் கரைக்கும் கோரைப் புதருக்கும் மூங்கில் கொல்லைக்கும் அய்யனார் கோயில் திடலுக்கும் ஒதுங்கும். தின்பதற்குக் குறைவில்லை: சிந்திய நெல், எலி, வெட்டுக்கிளி, மடுவில் மாட்டிய மீன். ஒளிய இடம் குறைந்து, தீனி மிகுந்திருக்கிற இந்த இரண்டு மாதத்தில் பார்க்காததை ஐப்பசி கார்த்திகையில் பார்க்க முடியாது.

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். காதை மூடிக்கொண்டு போங்கள். பனி மூட்டம் கலைகிற அந்த ஒரு மணி நேரம்தான் முக்கியம். வெயில் ஏறிவிட்டால் ஆள்காட்டியும் மைனாவும்தான் மிச்சம். மாலையில் போவதானால் வெயில் சாய்ந்த பிறகு. பகல் பத்து மணிக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் வயலைப் பார்க்கலாம், வயலில் இருப்பவர்களைப் பார்க்க முடியாது.

கொண்டுபோக வேண்டியது அதிகமில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் இருகண் நோக்கி போதும். அதற்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகும். முழங்கால் உயரத்துக்கு ரப்பர் பூட்ஸ், தடத்தின் அளவு எடுக்க ஆறங்குல ஸ்கேல், ஒரு நோட்டு, இருட்டுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச். பறவைக்கு, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா 2013இல் வெளியிட்ட 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தமிழில் கைக்கடக்கமானது. வெள்ளைச் சட்டை வேண்டாம். வைக்கோல் நிறமோ அழுக்குப் பச்சையோ இருக்கட்டும்.

மிஷின் இறங்கும் நாள்

அறுவடை மிஷின் வயலில் இறங்கும் நாள்தான் திருவிழா. யாருடைய வயலோ அவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். டிரைவரிடமும் ஒரு வார்த்தை. மிஷின் பெரும்பாலும் வெளி ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வரும். பயிருக்குள் இருப்பவை நடுவுக்கு நகர்ந்துகொண்டே போகும். கடைசியில் இரண்டு மூன்று வரிசை மட்டும் நிற்கும்போது அத்தனையும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கும். அந்தக் கடைசிப் பட்டையை அறுக்கும்போது கண்ணை எடுக்காதீர்கள். எலிகள் நாலு பக்கமும் சிதறும். கீரி ஒன்று வரப்போடு பாயும். காடை பொத்தென்று எழும்பி இருபது அடியில் விழும். அதிர்ஷ்டம் இருந்தால் சாம்பல் பழுப்பு நிறத்தில் காட்டுப்பூனை தாழப் பதுங்கி ஓடும். கால் நீளம், வால் குட்டை, காது நுனியில் சின்னக் கறுப்பு மயிர்: வீட்டுப் பூனையிலிருந்து பிரித்தறிய இது போதும்.

மிஷினுக்குப் பின்னால் வருகிற பறவைக் கூட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. சக்கரத்தை ஒட்டி உண்ணிக்கொக்கு. கொஞ்சம் தள்ளி மடையான், அது ஓடிவந்து தின்னாது, நின்று தின்னும். மின்கம்பியில் கரிச்சானும் பனங்காடையும். எழும்புகிற வெட்டுக்கிளியை அந்தரத்திலேயே பிடிக்கும். தலைக்கு மேல் செம்பருந்து வட்டமிடும். வெள்ளை உடம்பும் தோளில் கறுப்புப் பட்டையுமாக ஒரே இடத்தில் சிறகடித்து நிற்பது கருந்தோள் பருந்து, எலியைத்தான் பார்க்கிறது. வயலுக்கு ஓர் ஆள் உயரத்தில், இறக்கையை மேலே தூக்கிய வாக்கில் மிதந்துபோனால் அது பூனைப்பருந்து. வடக்கேயிருந்து வந்த விருந்தாளி, பங்குனிக்குள் திரும்பிவிடும். தகைவிலானும் மஞ்சள் வாலாட்டியும் அப்படித்தான்.

நிற்கும் இடத்தைப் பார்த்து நில்லுங்கள். பயிரை விட்டு ஓடுகிற எதுவும் நீங்கள் நிற்கும் வரப்புக்குத்தான் வரும்; பாம்பும் சேர்த்தி. புல் மண்டிய வரப்பை விட்டுவிட்டு, மொட்டை வரப்பிலோ வண்டிப் பாதையிலோ நிற்பதே சரி. குட்டிகள் கிடந்தால் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வரவே கூடாது. காட்டுப்பூனைக் குட்டியைப் புலிக்குட்டி என்று தூக்கிக்கொண்டு ஓடுவதும், அதைப் படம் எடுத்து ஊரெல்லாம் அனுப்புவதும் சகஜமாகிவிட்டது. வெயில் படாத வரப்போரம் நகர்த்தி வைத்துவிட்டு ஆள்கள் விலகிப் போனால் இருட்டியதும் தாய் வந்து கவ்விக்கொண்டு போகும்.

ஈரம் காயுமுன்

விலங்கைப் பார்ப்பது அதிர்ஷ்டம், தடத்தைப் பார்ப்பது பழக்கம். பெல்ட் மிஷின் போன வயலில் ஆழமாகத் தாரை விழுந்திருக்கும். அதில் ஊறுகிற தண்ணீர் இரண்டு மூன்று நாளில் சுண்டி, களிமண் மேலே மினுமினுப்பாக ஓர் ஏடு படியும். விரலை வைத்தால் ரேகை பதிகிற பதம். அந்தப் பதத்தில் இரவு நடந்த எல்லாமே காலையில் எழுதி வைத்த மாதிரி இருக்கும். இன்னும் இரண்டு நாளில் வெடிப்பு விட்டால் தடம் உடைந்துவிடும். ஆகவே அறுவடை முடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஒரு வாரம் தினமும் அதே தாரையைப் போய்ப் பாருங்கள். சூரியன் சாய்வாக இருக்கும்போது, ஒளிக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து பார்த்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

முதலில் நாய்த் தடத்தைப் படித்துக்கொள்ளுங்கள். ஊரில் அதுதான் அதிகம். நான்கு விரல், நான்கு நகம், பின்னால் முக்கோணமாக ஒரு மெத்தை. நாய் இங்கும் அங்கும் அலைந்து நடக்கும். மோப்பம் பிடிக்கும், திரும்பும், உட்காரும். நரித் தடமும் ஏறக்குறைய இதே அச்சுதான், ஆனால் ஒடுங்கி நீண்டிருக்கும். நீளம் ஐந்து சென்டிமீட்டர் சுமார். உற்றுப் பார்த்தால் நடுவிரல் இரண்டின் மெத்தையும் அடியில் ஒட்டியிருப்பது தெரியும். நல்ல களியில்தான் இது பதியும். இது கிடைத்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். நடையும் வேறு: நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் போகும், வேலையாகப் போகிற நடை.

பூனை வகைக்கு நகம் பதியாது, தடம் உருண்டை. காட்டுப்பூனையின் தடம் நான்கைந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். ஏழு சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக, நகமில்லாமல் இருந்தால்தான் வனத்துறைக்குப் போன் செய்ய வேண்டும். 2024 ஏப்ரல் தொடக்கத்தில் மயிலாடுதுறை நகரிலேயே சிறுத்தை ஒன்று கண்காணிப்புக் கேமராவில் பதிவாகி, வனத்துறை கூண்டும் தானியங்கிக் கேமராவும் வைத்துத் தேடியது. அப்படி ஒரு சேதி வந்துவிட்டால் ஊரிலுள்ள நாய்த் தடமெல்லாம் சிறுத்தைத் தடமாகிவிடும். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் பாதிப் பீதி அங்கேயே அடங்கும்.

கீரிக்கு ஐந்து விரல், நகம் நீளம். முயலுக்குப் பின்னங்கால் இரண்டும் பெரிதாக முன்னே, முன்னங்கால் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னே விழும். அதனால் எந்தப் பக்கம் போனது என்று தலைகீழாகச் சொல்லாதவர் குறைவு. மயிலின் மூன்று விரல் தடம் கை அகலம் இருக்கும். டெல்டாவில் அபூர்வமாக இருந்த மயில் இப்போது உளுந்துக் கொல்லையில் கோழிபோல மேய்கிறது. விவசாயி திட்டுவதில் நியாயம் உண்டு. இரட்டைக் குளம்பு பதிந்திருந்தால் மான் என்று குதிக்க வேண்டாம். ஆட்டுக்கும் அதே குளம்புதான். தடத்தின் பக்கத்தில் ஆட்டுப் புழுக்கையும் கீதாரியின் செருப்புத் தடமும் நிச்சயம் இருக்கும்.

கீதாரிகளைச் சொன்னேன். அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம் பக்கமிருந்து ஆட்டு மந்தையோடு வந்து வயலில் கிடை போடுகிறவர்கள். இரவு முழுக்க வயல் வெளியில் இருக்கிற ஆள்கள் வேறு யார்? அவர்களிடம் கேட்காமல் எந்தக் கணக்கெடுப்பும் நிறைவாகாது. "நரித் தொந்தரவு உண்டாண்ணே?" என்று ஒருவரிடம் கேட்டேன். "நரியா? அது எலிக்கும் நண்டுக்கும் வருது தம்பி. குட்டியத் தூக்குறது இந்த ஊரு நாயிங்கதான். நரிக்காவது பயம் இருக்கு" என்றார். தெருநாய்க் கூட்டம் வயலில் இறங்கினால் முயலும் கீரியும் உடும்பும் தப்புவது கஷ்டம். காட்டுயிரைப் பார்க்கப் போகிறவர் நாயைக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

நரி ஊளை இருட்டிய அரை மணிக்குள்ளும், விடியலுக்குச் சற்று முன்னும் கேட்கும். ஒன்று தொடங்கினால் மற்றது பதில் கொடுக்கும். கடலோரச் சவுக்குத் தோப்புப் பக்கம் நின்று கேளுங்கள். நரிக்கொம்பு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், நரிக்குக் கொம்பில்லை.

எலியும் கூகையும்

டெல்டா வயலின் கணக்குப்பிள்ளை எலிதான். அது எங்கே இருக்கிறதோ அங்கேதான் மற்றவை. வரப்பில் புது மண் குவிந்து வாய் அடைபட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். சிலந்தி வலை படர்ந்திருந்தால் காலி. வயல் பெருச்சாளி கதிரைக் கத்தரித்துக் கத்தரித்து உள் அறையில் அடுக்கும். எலி பிடிப்பவர்கள் வளையை வெட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்: தப்பியோட ஒரு வாய், குட்டிக்கு வைக்கோல் மெத்தை, நெல்லுக்குத் தனி அறை. அந்த நெல்லை அள்ளிக்கொண்டு போவதும் எலி பிடித்த கூலியில் சேர்ந்ததே. மூங்கிலை வில்லாக வளைத்துக் கட்டிய தஞ்சாவூர்க் கிட்டியை வரிசையாக நட்டுவிட்டுப் போய், காலையில் எடுப்பார்கள். விஷம் இல்லாத வேலை. இதை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், விஷம் தின்று தள்ளாடுகிற எலியைக் கூகையும் காட்டுப்பூனையும் தின்றால் அந்த விஷம் அவற்றுக்கும் ஏறும். எலியைக் குறைக்கக் கூகையைக் கொல்வது என்ன கணக்கோ தெரியவில்லை.

கூகையைப் பார்க்க வயலுக்கு அலைய வேண்டாம். பழைய கோயில் கோபுரம், பாழ்மண்டபம், ஆளில்லாத வீட்டுப் பரண், நெல் அரைவை ஆலையின் கூரை: அந்தி மயங்கும் நேரத்தில் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் வெள்ளைத்துணி ஒன்று சத்தமில்லாமல் வெளியே பறந்துவரும். முகம் நெஞ்சு வடிவம். அலறல் கேட்டால் சாவு விழும் என்று கல்லெடுத்து அடிக்கிறவர்களிடம் வாதம் செய்யாதீர்கள். அது கக்கிய உருண்டையை உடைத்துக் காட்டுங்கள். கூகை எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் கட்டைவிரல் பருமனுக்கு உருட்டிக் கக்கிவிடும். புதிதாக இருந்தால் கறுத்துப் பளபளக்கும். அடியில் தேடினால் கிடைக்கும். வெந்நீரில் அரை மணி ஊறப்போட்டு, ஊக்கால் மெல்லப் பிரியுங்கள். மயிர் விலகியதும் வெள்ளையாக மண்டை ஓடு வரும், முன்பல் ஆரஞ்சு நிறத்தில் வளைந்திருக்கும். ஓர் உருண்டையிலேயே இரண்டு மூன்று மண்டை இருப்பது சாதாரணம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. கையுறை போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உளுந்து விதைத்த வயலில் வேளாண்மைத் துறை சொல்கிற டி வடிவப் பறவை தாங்கியை நட்டால் பகலில் கரிச்சான் உட்காரும், இரவில் புள்ளி ஆந்தையும் கூகையும். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். நீங்கள் பார்ப்பதற்கும் வசதி, புழுவும் எலியும் குறைவதும் மிச்சம்.

வற்றும் வாய்க்கால்

தண்ணீர் நின்ற மூன்றாவது வாரம் வாய்க்கால் மடுவுகளுக்குப் போங்கள். குரவையும் கெளுத்தியும் ஒரு சாணளவுத் தண்ணீரில் நெளிந்துகொண்டிருக்கும். முதலில் சிறு கொக்கு, அப்புறம் அரிவாள் மூக்கன், பிறகு நத்தைகொத்தி நாரை. நத்தைகொத்தியின் அலகு மூடினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். ஓட்டை உடைக்காமல் நத்தையின் சதையை மட்டும் உருவி எடுக்கிற லாகவத்தைக் கரைக்குப் பின்னால் குந்தியிருந்து பார்க்க வேண்டும். தண்ணீர் சேறானதும் உள்ளான்கள் வரும். இந்த வாரங்களில் வாத்து மேய்க்கிறவர்களும் கூட்டத்தோடு வருவார்கள். அவர்கள் மேய்த்த வயலில் அன்றைக்கு ஒன்றும் மிஞ்சாது, வேறு மடு பாருங்கள்.

குளத்தாமை சேற்றுக்குள் புதைந்து கோடையைக் கழிக்கும். தூர்வாரும்போது மண்வெட்டியில் தட்டுப்பட்டால் ஈரமுள்ள வேறு இடத்தில் விட்டுவிடுங்கள். 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கிறது, சமைத்தால் சிறை.

நீர்நாய் காவிரியிலும் கொள்ளிடத்திலும் இன்னமும் உண்டு. நம் பக்கத்துச் சிறு வாய்க்காலில் நேரில் பார்ப்பது குதிரைக்கொம்பு. ஆனால் தண்ணீர் ஓரத்து மேட்டில், மீன் செதிளும் நண்டு ஓடும் கலந்த, மீன் நாற்றமடிக்கிற எச்சம் கிடந்தால், பக்கத்தில் விரலிடைச் சவ்வு பதிந்த ஐவிரல் தடம் இருக்கிறதா என்று தேடுங்கள். பழவிதை மட்டும் நிறைந்த எச்சம், மதில் மேலோ கல் மேலோ கிடந்தால் மரநாயினுடையது.

பாம்பு பற்றி

பனிக்காலம் முழுக்கச் சோம்பியிருந்தவை மாசி வெயிலில் வெளியே வரும். சாரை, தண்ணீர்ப்பாம்பு, நல்ல பாம்பு மூன்றும் சர்வசாதாரணம். கண்ணாடி விரியன் வைக்கோல் போருக்கு அடியில் இருக்கும்; கட்டுவிரியன் இரவில் நடமாடும். வைக்கோல் உருளையைக் கையால் புரட்டாதீர்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது, வேர் அரைப்பது எதுவும் வேண்டாம். கைகாலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கிறது. பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகவும் வேண்டியதில்லை.

வால் மழுங்கிப்போய் இருபக்கமும் தலைபோல் தெரிகிற மண்ணுளிப் பாம்பு மணற்பாங்கான கொல்லைகளில் கிடைக்கும். அதற்கு விஷமில்லை. லட்சக்கணக்கில் விலைபோகும் என்று கதை கட்டி அதைக் கடத்துகிற கும்பல் இருக்கிறது. நம்பிப் பிடித்தவர்களுக்குக் கிடைத்தது வழக்குதான். இந்தப் பாம்புக்கும் பக்கத்து ஊருக்கும் ஒரு பழைய சொந்தம் உண்டு. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் காலத்தில் இருந்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் (1747–1813) இயற்கை ஆராய்ச்சியில் ஈடுபாடுள்ளவர். 1801இல் இந்தப் பாம்புக்கு அறிவியல் பெயர் வைத்தபோது அவரைச் சிறப்பித்து 'ஜானி' என்று சேர்த்தார்கள்: எரிக்ஸ் ஜானி. கழுத்தில் கறுப்பு வளையத்தோடு மின்கம்பியில் உட்காருகிற சின்னச் சிவப்புப் புறாவின் அறிவியல் பெயரிலோ ஊரே இருக்கிறது: ஸ்ட்ரெப்டோபெலியா ட்ராங்குபாரிக்கா. பனைமரம் உள்ள வயலோரம் தேடினால் கிடைக்கும்.

பாம்பைவிட இரவில் நான் பயப்படுவது கம்பிக்கு. எலிக்கும் பன்றிக்கும் என்று திருட்டுத்தனமாக மின்சாரம் பாய்ச்சி வைக்கிறவர்கள் இருக்கிறார்கள், மனிதர்கள் செத்திருக்கிறார்கள். உரிமையாளரைக் கேட்காமல் இருட்டில் எந்த வயலிலும் இறங்காதீர்கள்.

மானுக்குக் கோடியக்கரை

தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் என்று கடலோரமாகவே போகலாம். விடியலுக்கு முன் கிளம்பிவிடுங்கள், அல்லது முதல் நாளே போய்த் தங்குங்கள். சரணாலயம் 1967இல் அறிவிக்கப்பட்டது. 2002இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைக்காகப் போகிறவர்கள் கார்த்திகை மார்கழியில் போவார்கள். மானுக்கு மாசிக்கு மேல்தான் சரி. புல் காய்ந்து வெளி திறந்துகிடக்கும், தண்ணீருள்ள இடங்கள் குறைந்துவிடும், கண்ணுக்கு மறைவில்லை.

அங்கே இரண்டு வகை. இரண்டையும் மான் என்றே சொன்னாலும் குடும்பம் வேறு. புள்ளிமான் காட்டோரத்து நிழலில் நிற்கும். கிடாவின் கிளைக்கொம்பு உதிர்ந்து மறுபடி முளைக்கும். உதிர்ந்த கொம்பு கிடந்தாலும் தொடாதீர்கள், எடுத்து வைத்திருப்பது குற்றம். வெளிமான் பேருக்கேற்றபடி வெட்டவெளியில் மேயும். அதன் முறுக்குக் கொம்பு உதிராது. கிடா கருமையும் வெண்மையுமாக இருக்கும், பெட்டைக்குக் கொம்பில்லை, வெளிர்மஞ்சள் நிறம். தமிழ்நாட்டில் வெளிமான் நிறைய உள்ள இடங்களில் இதுவும் ஒன்று.

மாசி பங்குனியில் கிடாக்கள் எல்லை பிடிக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்ட புழுக்கைக் குவியலைப் பார்த்தால் அங்கே ஒரு கிடா குடியிருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். இருகண் நோக்கியில் முகத்தைப் பாருங்கள்: கண்ணுக்குக் கீழே ஒரு பிளவு திறந்து மூடும். அதைப் புல் நுனியில் மெல்ல வைத்துத் தேய்த்து வாசனை பூசும். வேறொரு கிடா நெருங்கினால் மூக்கை மேலே தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து, காதைத் தொங்கவிட்டு விறைப்பாக நடக்கும். அநேகமாக அந்த நடையோடு சண்டை முடிந்துவிடும். கொம்பு மோதினால் சத்தம் தூரத்துக்குக் கேட்கும். வண்டியில் இருந்தே பாருங்கள். வண்டியைப் பொறுத்துக்கொள்ளும், நடந்துவருகிற மனிதனைக் கண்டால் ஓடும். இறங்கித் துரத்திப் படம் எடுக்கிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். துரத்தப்பட்ட மான் பிடிபடாவிட்டாலும் அதிர்ச்சியில் செத்துப்போகக்கூடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ராமர் பாதம் இருக்கிற மேட்டின் மேல் ஏறி நின்றால் காடும் சதுப்பும் ஒருசேரத் தெரியும். மட்டக்குதிரைகளையும் பார்ப்பீர்கள். அழகுதான், ஆனால் வளர்ப்பிலிருந்து காட்டுக்குப் போனவை. வெளிமானின் புல்லை மேய்கின்றன. சீமைக்கருவேலம் இன்னொரு பக்கம் வெட்டவெளியை அடைத்துக்கொண்டு வருகிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மரங்கள் சாய்ந்தன, வெளிமானும் புள்ளிமானும் குதிரையும் இறந்தன. மான் கூட்டம் குறைவாகத் தெரிந்தால் வழிகாட்டியிடம் இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வனத்துறை அனுமதியும் அவர்கள் சொல்கிற நேரமும் அவசியம்.

பங்குனி ஆமை

ஊர் திரும்பியதும் ஓர் இரவு கடற்கரைக்கு. ஆலிவ் ரிட்லி ஆமையை நம் மீனவர்கள் பங்குனி ஆமை என்கிறார்கள். தை முதல் பங்குனி வரை முட்டையிட ஏறும். வானகிரி, கூழையார் பக்கங்களில் வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறது. ஏறத்தாழ 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். கடலில் விடும் நாளைச் சீர்காழி வனச்சரகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேமரா ஃபிளாஷ், வெள்ளை டார்ச் இரண்டும் கூடாது. வெளிச்சம் இருக்கும் பக்கத்தைக் கடல் என்று நினைத்துக் குஞ்சு திரும்பிவிடும். 2025 ஜனவரியில் சென்னை ஓரம் மட்டும் ஆயிரத்துக்கு மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. நம் கரையிலும் செத்த ஆமை கிடந்தால் இடம், தேதி குறித்து அதே அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

குறிப்பு எழுதுவது

தேதி, நேரம், வயலின் நிலை. மூன்றாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 'மாசி 5, காட்டுப்பூனை' என்று எழுதி என்ன பயன்? அறுத்து எத்தனை நாள், வாய்க்காலில் தண்ணீர் உண்டா, உளுந்து முளைத்திருக்கிறதா, பக்கத்து வயலில் கிடை இருக்கிறதா என்பதும் சேர்ந்தால்தான் அடுத்த வருஷம் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அதே இடத்தில் போய் நிற்க முடியும். பறவைப் பட்டியலை இ-பேர்டில் ஏற்றிவிடலாம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் சேருவதும் எளிது. மண்ணுளி, ஆமை, கூகைக் கூடு இவற்றின் சரியான இடத்தைப் பொதுவில் போடாதீர்கள்.

சொந்த வயல் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. வரப்புக்குக் களைக்கொல்லி அடித்து மொட்டையாக்குவது இப்போது சுத்தத்துக்கு அடையாளமாகிவிட்டது. எல்லா வரப்பையும் விட வேண்டாம். வாய்க்காலை ஒட்டிய ஒரு வரப்பு, மூலையில் நாலு குழி நிலத்தில் புதர், ஒரு பனை: இவற்றை மட்டும் தொடாமல் வைத்திருங்கள். மேலே சொன்னவற்றில் பாதி அந்த மூலைக்கு வரும்.

சித்திரையில் கோடை உழவுக்கு டிராக்டர் இறங்கியதும் தாரையும் தடமும் புரண்டுவிடும். அதன் பிறகு வயலில் நின்று பயனில்லை. வற்றாத கோயில் குளங்களுக்கும் ஊர்க் குட்டைகளுக்கும் போக வேண்டும். அது அடுத்த அத்தியாயம்.